பச்சை அரைவட்டங்கள்

லண்டன்: கிரேவன் தெரு

சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி, தேம்ஸ் நதியைப் பார்த்து இறங்குகிற குட்டித் தெரு அது. இருபுறமும் புகை படிந்த செங்கல் வீடுகள். 36-ஆம் எண் வீட்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் குடியிருந்தார். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு அல்லாடியவர், இரண்டையும் பாதியாக வெட்டி ஒரே ஃப்ரேமில் பொருத்திக்கொண்டார். அந்த இரட்டைக் கண்ணாடியைப் பற்றி அவர் நண்பருக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியது 1784-இல். அப்போது அவர் இருந்தது பிரான்ஸில். ஆனாலும் அவருடைய லண்டன் வீட்டுக்குச் சில வாசல்கள் தள்ளியே கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற பிரிட்டிஷ் ஆப்டோமெட்ரிஸ்டுகளின் கல்லூரி அமைந்துவிட்டது. கல்லூரி என்றால் பாடம் நடக்கும் இடமல்ல, தொழில்முறைச் சங்கம். உள்ளே ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

தஞ்சாவூர் தெற்கு வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவரின் மகன் நான். அலமாரிகளைப் பார்த்ததும் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வரிசையாகக் கண்ணாடி விழிகள், கைப்பிடி வைத்த கண்ணாடிகள், மடக்குக் கண்ணாடிகள். ஒரு மூலையில் ட்ரயல் பாக்ஸ். மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், வரிசை வரிசையாக வட்ட லென்ஸ்கள். அப்பாவிடம் இருந்ததும் இதே மாதிரிதான். வாடிக்கையாளர் பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தால் போதும், "சாளேசரம் வந்திருச்சு. நாப்பது ஆச்சா?" என்று கேட்டபடி பெட்டியைத் திறப்பார். பவர் பார்க்கக் காசு வாங்க மாட்டார். "அதுக்குக் காசு கேட்டா ஃப்ரேம் எவன் வாங்குவான்?" என்பார். லாபமெல்லாம் ஃப்ரேமில்தான். இந்த விஷயம் பிறகு கிளாஸ்கோவில் மறுபடி வந்து என்னை மடக்கும் என்று அப்போது தெரியாது.

சுற்றிக் காட்டியவர் சுவரில் இருந்த ஒரு பழைய சான்றிதழ் முன்னால் நின்றார். அதைக் கொடுத்த பிரிட்டிஷ் ஆப்டிகல் அசோசியேஷன் 1895-இல் தொடங்கியது. மறு ஆண்டே தேர்வு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்கம் கேட்கவில்லை, சட்டம் கிடையாது. யாரும் ஒரு கடையைத் திறந்து கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்றிருந்த காலம். அதில் ஒரு கூட்டம் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டது. கண்ணாடி விற்பவன் கண்ணைப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சண்டை ஓய்ந்து, பதிவு செய்தவர்தான் பரிசோதிக்கலாம் என்று ஆப்டிஷியன்ஸ் சட்டம் வந்தது 1958-இல். அறுபத்து மூன்று ஆண்டுகள்.

"மூன்று தலைமுறை கமிட்டிக் கூட்டம்" என்றார் அவர். பெருமையா, அலுப்பா என்று குரலில் பிரித்தறிய முடியவில்லை.

வடக்கே: ரயிலில்

யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் ரயில், லங்காஸ்டர் தாண்டியதும் ஒரு நிமிஷம் கடலோரத்தைத் தொட்டுவிட்டு மலைக்குள் ஏறுகிறது. சாந்து பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் மலை உச்சிவரை கோடு கிழித்துப் போகின்றன. நம்மூர் வரப்பு மாதிரிதான், ஆனால் வரப்புக்கு இந்த முரட்டுத்தனம் கிடையாது.

எதிரே பிரஸ்டனில் ஏறிய ஒரு பெண்மணி. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். பின்னல் வேலையை மூக்கருகே தூக்கிப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். கண் பரிசோதனைக்குப் போய் நான்கு வருஷமாம். "அறுபது ஆகட்டும் என்று காத்திருக்கிறேன். அப்போது இலவசம்" என்று சிரித்தார்.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கும் அரசியலுக்கும் பழைய உறவு. 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பரிசோதனை, கண்ணாடி எல்லாமே இலவசம். அதுவரை சந்தையில் கிடைத்த கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஓட்டிய ஜனங்கள் கடைகளை மொய்த்துவிட்டார்கள். கஜானா தாங்கவில்லை. 1951-இல் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கட்டணம் என்று பட்ஜெட்டில் வந்ததும், அந்தச் சேவையையே உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். கூடவே ராஜினாமா செய்தவர்களில் ஒருவர் பின்னாளில் பிரதமரான ஹரால்ட் வில்சன். மூக்குக் கண்ணாடிக்காக மந்திரிகள் பதவி விலகிய தேசம்! 1989 ஏப்ரலில் பரிசோதனைக்கும் பெரும்பாலானோர் காசு கட்ட வேண்டும் என்றாயிற்று. பத்து வருஷம் கழித்து, 1999 ஏப்ரலில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இலவசம் திரும்பி வந்தது. எதிரே பின்னிக்கொண்டிருந்தவர் காத்திருந்தது அதற்குத்தான்.

சில விலக்குகள் உண்டு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குளுக்கோமா என்ற கண் நோய் இருந்து, உங்களுக்கு நாற்பது வயதும் ஆகியிருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குக் குளுக்கோமா என்று தெரிய, அப்பாவை யாராவது முதலில் பார்த்திருக்க வேண்டுமே.

என் அப்பாவை யாரும் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்குப் பவர் பார்த்தவர், தன் கண்ணுக்கும் தானே பார்த்துக்கொண்டார். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று படிப்பார். கடை நிலையின் இடது பக்கத்தில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, வயசாச்சு என்று நாங்கள் கேலி செய்தோம். ஒரு மருத்துவர் கண் அழுத்தத்தை அளந்து, நரம்பைப் பார்த்தபோது அவருக்கு வயது 64. இடது கண்ணில் ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டிருந்தது. நேர் பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரத்தைத் தின்றுகொண்டே வரும். அதுதான் அந்த நோயின் குணம். பவர் பார்க்கிற பலகையில் அது சிக்காது.

கார்லைல் தாண்டிச் சில நிமிஷத்தில் எல்லை. பலகையைத் தேடினேன், தெரியவில்லை. மழை மட்டும் ஆரம்பித்தது.

கிளாஸ்கோ

சிவப்பும் பழுப்புமாக மணற்கல் கட்டடங்கள். மூன்று மாடி, நான்கு மாடி. மழை நனைத்ததும் சிவப்புக் கல் வெட்டிய பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிடுகிறது. நகரத்தின் தெற்குப் பக்கத்தில் என் தங்கை மகள் இருக்கிறாள். அங்கேயே காலிடோனியன் பல்கலைக்கழகத்தில் ஆப்டோமெட்ரி படித்து, தெருமுனைக் கடை ஒன்றில் வேலை. முன்பக்கம் ஃப்ரேம் அடுக்கிய கண்ணாடி அலமாரி, பின்பக்கம் இருட்டறை. தாத்தா கடையை அவள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முன்பக்கத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் தெரிந்திருக்காது.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அவளுடைய பழைய முதலாளி வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், வட்டார ஆப்டிகல் கமிட்டியில் பல வருஷம் உட்கார்ந்தவர். மேசையில் ஹாகிஸ் பக்கோடா. கேட்டதும் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து மிளகு போட்டுச் செய்கிற ஸ்காட்லாந்து பண்டத்தை, நம் கடலை மாவில் தோய்த்துப் பொரித்துவிட்டார்கள் இங்கே வந்த பஞ்சாபிகளும் பாகிஸ்தானிகளும். கூட ஒரு ரோஸ் நிறச் சட்னி. நான்கு தின்றேன்.

ஸ்காட்லாந்தில் 2006 ஏப்ரல் 1 முதல் எல்லா வயதினருக்கும் கண் பரிசோதனை இலவசம். "அது கட்சிகளின் தேர்தல் வாக்குறுதிதானே? உங்கள் சங்கம் என்ன செய்தது?" என்று கொஞ்சம் சீண்டலாகவே கேட்டேன். சங்கம் என்றால் சம்பள உயர்வு, உண்ணாவிரதம், பந்தல் என்றே என் மனதில் படம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இலவசம் என்பதை அவர்கள் கொடுத்தார்கள். இலவசமாக என்ன கிடைக்கும் என்பதைத்தான் நாங்கள் பேசினோம்" என்றார்.

வெறும் 'பார்வைச் சோதனை' என்றிருந்தால், பவர் பார்த்து, நோய் ஏதும் தென்படுகிறதா என்று நோக்கி, சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முடியும். 2006-இல் அந்தச் சொல் போய் 'கண் பரிசோதனை' வந்தது. ஒரு சொல்தான். ஆனால் வந்தவர் எதற்காக வந்தார் என்பதிலிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும் என்று அதற்குப் பொருள். கண் சிவந்திருக்கிறது, பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது என்று வந்தவருக்குப் பவரே பார்க்காமல் வேறு சோதனைகள் செய்யலாம். அதற்கும் அரசு பணம் தரும். தேவைப்பட்டால் மறுபடி வரச் சொல்லலாம். அதற்கும் தனிக் கட்டணம். பதிலுக்கு அரசு இவர்களிடம் வாங்கிய உறுதிகளும் உண்டு: இன்னின்ன கருவிகள் கடையில் இருந்தாக வேண்டும், பயிற்சிக்கு வந்தாக வேண்டும்.

இதைப் பேச ஒரே குரல் தேவைப்பட்டது. பெரிய சங்கிலிக் கடைகள், தனிக் கடைக்காரர்கள், கண்ணாடி பொருத்தித் தரும் டிஸ்பென்சிங் ஆப்டிஷியன்கள் என்று ஆளுக்கொரு திசை. ஆப்டோமெட்ரி ஸ்காட்லாந்து என்ற அமைப்பு இவர்கள் எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது. 1999-இல் எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் வந்துவிட்டதால் லண்டனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லாமல் போயிற்று. மந்திரி அலுவலகம் ஒரு மணி நேர ரயில் தூரம். கூட்டத்தில் என்ன இருக்கும் என்று கேட்டேன். "டீ, பிஸ்கட், ஒரு பத்தியை எட்டுத் தடவை திருத்திய தாள்" என்றார்.

"உங்களுக்கும் லாபம்தானே?" விடவில்லை நான். "இலவசம் என்றால் கூட்டம் வரும். வந்தவர்கள் கண்ணாடி வாங்குவார்கள்."

"ஆமாம் மாமா, லாபந்தான்" என்று குறுக்கே வந்தாள் தங்கை மகள். "ஆனா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. டெஸ்டுக்குக் கெடைக்கிற காசு ரொம்பக் கம்மி. ஃப்ரேம் வித்தாத்தான் கடை ஓடும். கண்ணாடி தேவையில்லாத ஆளு வந்து உக்காந்தா கடைக்கு நஷ்டம். அப்புறம் யாரு நின்னு நரம்பைப் பாப்பா? பாக்குறதுக்கே காசு கொடுன்னு கேட்டோம். அது எங்களுக்காகவும்தான்."

பவர் பார்க்கக் காசு வாங்காத அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அதைப் பெருந்தன்மை என்றே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடை மூடிய பிறகு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். இலவசம் பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்குத்தான், என்னைப் போல் வந்து போகிறவர்களுக்கு இல்லை. ஆகவே இது மாமாவுக்கான சலுகை. ஒரு சொட்டு விட்டாள். கண் மரத்துப்போனது. மஞ்சள் சாயம் தொட்ட காகித நுனியை இமைக்குள் ஒற்றினாள். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டேன். நீல வெளிச்சம் ஒன்று மெதுவாக நெருங்கிக் கண்ணையே நிறைத்தது. கூம்பு விழியைத் தொட்டதாம், எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு நீலந்தான் தெரியும். எனக்கு ரெண்டு பச்சை அரைவட்டம் தெரியுது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இந்தத் திருகைச் சுத்திக்கிட்டே வந்தா, ரெண்டோட உள்விளிம்பும் சரியாத் தொடுற எடம் ஒண்ணு வரும். அதுதான் அழுத்தம்."

"தொட்டுச்சா?"

"மூச்சை அடக்காதீங்க மாமா. அடக்குனா ஏறும்."

அழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான். உடனே மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிவிடுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. கருவிழியின் கனத்தை அளந்தாள். கனமான கருவிழி, அழுத்தத்தை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டுமாம். 2015-இல் ஸ்காட்லாந்துக்கென்று குளுக்கோமா பரிந்துரை வழிகாட்டி ஒன்று வந்தது. யாரை அனுப்ப வேண்டும், யாரைக் கடையிலேயே வைத்துக் கண்காணிக்கலாம் என்று அது வரையறுத்திருக்கிறது. கண் மருத்துவர்களும் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. கிரேவன் தெருவில் கேட்ட பழைய பகை இங்கே ஒரு அட்டவணையில் வந்து அடங்கியிருந்தது. 2023-இல் இன்னும் ஒரு படி: மருத்துவமனையில் நிலைப்பட்ட குளுக்கோமா நோயாளிகளைத் தனிப்பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டுகள் பக்கத்துக் கடையிலேயே பார்த்துக்கொள்ளும் திட்டம், இந்த கிளாஸ்கோ வட்டாரத்தில்தான் முதலில் தொடங்கியது. அவளும் அந்தப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

என் கருவிழி கனமானது. நரம்பும் நன்றாக இருக்கிறது. "வருஷா வருஷம் பாத்துக்கணும். ஊருக்குப் போனா எங்க பாப்பீங்க?" என்று கேட்டாள்.

சென்னையிலும் மதுரையிலும் உலகமே வந்து கற்றுப்போகிற கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்தக் கவலை இல்லை. எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-லேயே சென்னையில் தொடங்கிவிட்டது. ஆனால் ஆப்டோமெட்ரிஸ்ட் யார், அவர் என்ன செய்யலாம் என்று நாடு முழுமைக்கும் சொல்கிற சட்டம் 2021 வரை நமக்கு இல்லை. நம் நாட்டுச் சங்கங்களும் பல வருஷம் கேட்டுக் கேட்டுத்தான், மற்ற துணை மருத்துவத் தொழில்களோடு சேர்த்து ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. தெருக்கடை இன்னும் பவர் பார்க்கிற இடமாகத்தான் இருக்கிறது.

ரானக் மூர் வழியாக மல்லைக்

கிளாஸ்கோவிலிருந்து வடமேற்கே போகும் ரயில் பாதையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும். ஒன்று மட்டும். ரானக் மூர் என்ற சதுப்புவெளியில் மண் எதையும் தாங்காது. தண்டவாளம் போட வந்தவர்கள் வேர்களையும் சுள்ளிகளையும் கட்டுக்கட்டாகப் போட்டு, அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டி, பாதையை மிதக்க விட்டார்கள். 1894-இலிருந்து ரயில் அதன்மேல் ஓடுகிறது. கண்ணுக்கு எட்டியவரை பழுப்புப் புல், கறுப்பு நீர், ஒரு மான் கூட்டம். வீடு என்று ஒன்று வர வெகு நேரமாயிற்று. இங்கே கண்ணில் ஏதாவது விழுந்தால் யாரிடம் போவார்கள் என்ற நினைப்பு தானாக வந்தது.

மல்லைக்கில் புகை போட்ட ஹெர்ரிங் மீன், வெண்ணெயோடு. கருவாட்டுக்கும் சுட்ட மீனுக்கும் நடுவில் ஒரு ருசி. சோறு இல்லையே என்றிருந்தது.

ஸ்கை தீவு: போர்ட்ரீ

துறைமுகத்தைப் பார்த்தபடி இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் வீடுகள். ஒரு நிமிஷம் நின்று ரசித்தால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு காதுக்குள் புகுந்துவிடுகிறது. தங்கை மகளோடு ஆப்டோமெட்ரி படித்த பெண் ஒருவர் தீவில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது முன்னறையில் ஒரு ஆட்டுக்காரர், அறுபது வயதிருக்கும், கண்ணைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தார். வேலிக் கம்பியை அரம் வைத்த மெஷினில் அறுத்தபோது பொறி தெறித்திருக்கிறது.

பெரிய மருத்துவமனை இன்வர்னெஸ் நகரத்தில். நூறு மைலுக்கு மேல், மலைப்பாதை. முன்பு இந்த மாதிரி ஆள் குடும்ப மருத்துவரிடம் போய், அவர் சீட்டு எழுதி, அங்கே போய் வர ஒரு நாள் ஆகும். இப்போது குடும்ப மருத்துவரின் வரவேற்பறையிலேயே, கண் என்றால் ஆப்டோமெட்ரிஸ்டிடம் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பெண் மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, ஊசி முனையால் துணுக்கை எடுத்தார். சுற்றிப் படிந்திருந்த துரு வளையத்தையும் சுரண்டி எடுத்தார். தனியாக மருந்து எழுதும் தகுதியும் இவருக்கு உண்டு. தேர்ச்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டுகள் அப்படி எழுதலாம் என்று பிரிட்டனில் 2008-இல் சட்டம் இடம் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் மற்ற பகுதிகளைவிட விகிதாசாரத்தில் அதிகம் பேர் அந்தத் தகுதியைப் பெற்றிருக்கிறார்கள். தூரம் இருக்கிறதே, காரணம் வேறு வேண்டுமா?

அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துச் சீட்டுக்கும் 2011-இலிருந்து இங்கே கட்டணம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, இன்று ராத்திரி எட்டு மணிக்குக் கமிட்டிக் கூட்டம், கணினியில்தான், பாதி நேரம் சிக்னல் போய்விடும் என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பரிசோதிக்கிறவர்களுக்குப் படகுப் பயணம் எந்தக் கணக்கில் வரும் என்பது பற்றியாம். "போன கூட்டத்திலும் அதுதான்."

ஆட்டுக்காரரும் நானும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். வலது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்ட மகள் வருவாள் என்று சுவரோரம் நின்றார். எல்லையின் தெற்கே இதற்கெல்லாம் இடத்துக்கு இடம் ஏற்பாடு மாறும் என்று நான் படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். அவர் காதில் அது ஏறவில்லை. எதிர் மலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொன்று" என்றார்.

அவருடைய ஆடுகளாம். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள். பதின்மூன்று வந்தது. சொன்னேன்.

"அதில் இரண்டு கல்" என்றார்.